முகவரி இல்லாதார்க்கும் மருந்து உண்டு

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஓவேலி அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மேடையில் காசநோயைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று நண்பர்கள் சிலர் வினவினர். பொருந்தும் என்பதே நமது துணிபு. பள்ளியின் வருகைப் பதிவேட்டைக் கவனித்து வாசிக்கும் ஆசிரியர்க்கு அது ஊரின் நோய்ப் பதிவேடாகவும் காட்சி தரும். ஏழாம் வகுப்பில் நன்றாகப் படித்துவந்த பெண் ஒருத்தி தொடர்ந்து பத்து நாள் வரவில்லையென்றால், நாம் ஆளனுப்பி விசாரிக்கிறோம். தந்தை இருமுகிறார், தாய் கொழுந்து பறிக்கப் போகிறாள், தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று விடை வருகிறது. அந்தப் பத்து நாள் ஒரு மாதமாகிறது, மாதம் ஆண்டாகிறது. நோய் தந்தைக்கு, படிப்பு போனது மகளுக்கு. ஆகவே கல்வியைக் காக்க எழுந்த ஒரு சங்கம் இந்நோயைப் பற்றிச் சிந்திப்பது தன் கடமைக்குப் புறம்பானதன்று.

நம் முன்னோர் இதனை ஈளை என்றும், எலும்புருக்கி என்றும், சயரோகம் என்றும் அழைத்தனர். முற்பிறப்பின் வினை என்றனர் சிலர். குலத்தின் வழியே வருவது என்றனர் வேறு சிலர். 1882-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் நாள் பெர்லின் நகரில் ராபர்ட் காக் என்னும் அறிஞர், இது ஒரு கிருமியால் வருவதே என்று மெய்ப்பித்தார். அதனால்தான் மார்ச் 24-ஐ உலகக் காசநோய் நாளாகக் கொண்டாடுகிறோம். எனினும் கிருமியை அறிந்த பின்னரும் அதைக் கொல்லும் மருந்தைக் காண அறுபது ஆண்டுகள் ஆயின. 1943-இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டது. அம்மருந்து ஏழை எளியவர்க்கு எட்டாதிருந்த 1948-ஆம் ஆண்டில் நம் தமிழ்ச் சிறுகதையின் பெருமகனார் புதுமைப்பித்தன் இந்நோய்க்கே இரையானார். அப்போது அவருக்கு வயது 42. இன்றோ மருந்து உண்டு. அரசு மருத்துவமனையில் அது இலவசமாகவே கிடைக்கிறது. ஆறு மாதம் தவறாது உட்கொண்டால் பெரும்பாலோர் முற்றும் குணமடைகின்றனர். அவ்வாறிருந்தும் 2023-ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 28 லட்சம் பேர் இந்நோய்க்கு ஆளாயினர் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கணக்கிட்டுள்ளது. உலகின் நோயாளிகளில் நால்வரில் ஒருவர் நம் நாட்டவர். மருந்து இருந்தும் மக்கள் மடிவது ஏன்?

இவ்வினாவிற்கு விடை தேடுமுன், நம் தமிழகம் உலகுக்குச் செய்த ஒரு பெருங்கொடையை இங்கே நினைவுகூர வேண்டும்.

முன்னாளில் காசநோய் என்றாலே சானடோரியம் என்னும் நலவாழ்வு இல்லத்துக்குச் சென்று படுக்க வேண்டும் என்பதே விதியாயிருந்தது. தாம்பரத்தில் மருத்துவர் சௌரி முத்து 1928-இல் நிறுவிய சானடோரியம் இன்றும் ஒரு தொடர்வண்டி நிலையத்தின் பெயராக நிலைத்திருக்கிறது. நல்ல காற்று, முழு ஓய்வு, பால், முட்டை ஆகிய இவை இன்றி நோய் தீராது என்று மேலைநாட்டு மருத்துவர்களே நம்பினர். ஆனால் இலட்சக்கணக்கான நோயாளிகளுக்குப் படுக்கை எங்கே? 1956-இல் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருத்துவ ஆய்வு மையம் தொடங்கப்பெற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை அரசும், உலக நலவாழ்வு நிறுவனமும், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் கூடி அதனை அமைத்தன. வாலஸ் பாக்ஸ் என்னும் மருத்துவர் அதன் முதற்பொறுப்பை ஏற்றார். சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரை இரு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் படுக்க வைத்தும், மறுபகுதியினரை அவரவர் குடிசையிலேயே விட்டும், இரு சாரார்க்கும் ஒரே மாத்திரைகளை ஓராண்டு கொடுத்தனர். முடிவு 1959-இல் வெளிவந்தது. குடிசையில் இருந்தவர் அரைவயிற்று உணவு உண்டனர், நெரிசலில் உறங்கினர், பலர் வேலைக்கும் சென்றனர். ஆயினும் சானடோரியத்தில் பாலும் முட்டையும் உண்டு ஓய்ந்திருந்தவர்க்கு ஏறக்குறைய இணையாகவே அவர்களும் குணமடைந்தனர். வீட்டில் நோயாளியை வைத்திருந்ததால் குடும்பத்தார்க்கு நோய் மிகுதியாகப் பற்றவும் இல்லை. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இவ்வாய்வு ஒரு பெருங்காரணம். ஏழையின் குடிசையே மருத்துவமனை ஆகலாம் என்று உலகுக்குக் கற்பித்தவர்கள் பெயர் தெரியாத அந்தச் சென்னை ஏழைகளே என்பதில் நமக்குப் பெருமை உண்டு.

ஆனால் பெரியோர்களே, அந்த வெற்றியின் உள்ளே ஒரு செய்தி மறைந்து கிடக்கிறது. வெற்றி மாத்திரையால் மட்டும் வந்ததன்று. செவிலியரும் நலவாழ்வுப் பணியாளரும் முன்னறிவிப்பின்றி அக்குடிசைகளுக்குச் சென்று, மிஞ்சியுள்ள மாத்திரைகளை எண்ணிப் பார்த்தனர், வராதவரைத் தேடிப் பிடித்தனர், சோர்ந்தவரைத் தேற்றினர். எந்தத் தெரு, எந்தக் கதவு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வீட்டிலேயே மருத்துவம் என்னும் முறைக்கு முதல் தேவை ஒரு வீடு. தட்டுவதற்குக் கதவே இல்லாதவனை எங்கே சென்று தேடுவது? 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, நம் நாட்டில் வீடற்றோர் 17 லட்சத்துக்கும் மேற்பட்டோர் என்று கூறியது. அவர்களுக்கு இந்த முறை எவ்வாறு பொருந்தும்?

வீடற்றோர் என்றதும் சென்னையின் நடைபாதையும் மேம்பாலத்தின் அடியுமே நம் நினைவுக்கு வருகின்றன. மலையில் யார் வீடற்றவர் என்று கேட்கலாம். நம் ஓவேலியின் வரலாற்றைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ஆக்டர்லோனி என்னும் வெள்ளைத் துரைமார் குடும்பத்தின் பெயரால் ஆக்டர்லோனிப் பள்ளத்தாக்கு எனப்பட்ட இவ்விடம் சுருங்கி ஓவேலி ஆயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இங்குக் காப்பித் தோட்டம் எழுந்தது. பின்னர்த் தேயிலை வந்தது. காட்டை வெட்டியவரும், கல் சுமந்தவரும், கொழுந்து பறித்தவரும் சமவெளியிலிருந்து பிழைப்புத் தேடி வந்த நம் மக்களும் அவர்களைப் போன்ற ஏழைகளுமே. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாயிற்று. அவர்களில் பல குடும்பங்கள் கூடலூர் வட்டாரத்திலும் வந்து இறங்கின. ஒரு தோட்டத்தின் லயத்திலிருந்து கடல் கடந்து மற்றொரு தோட்டத்தின் லயத்துக்கு வந்தார்களே அன்றி, சொந்த வாசற்படிக்கு வந்தாரில்லை.

தோட்டத் தொழிலாளிக்கு வீடு தருவது முதலாளியின் கடமை என்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. நல்ல விதிதான். ஆனால் அவ்வீடு வேலையோடு கட்டப்பட்ட வீடு. வேலை ஓய்ந்த நாளில் வீடும் ஓய்ந்தது. மகனோ மகளோ அதே தோட்டத்தில் பெயர் பதிந்திருந்தால் பிழைத்தோம். இல்லையேல் அறுபது வயதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டும். வெளியே வந்து ஓர் ஓலைக் கூரை போடலாமென்றால், நிலத்தின் நிலை நீங்கள் அறிந்ததே. 1969-இல் ஜன்மம் ஒழிப்புச் சட்டம் இயற்றப்பட்டும், அதன் 17-ஆம் பிரிவின்கீழ் வழக்கில் சிக்கிய நிலங்களில் பட்டா இன்னும் பலர்க்குக் கிட்டவில்லை. பட்டா இல்லாத இடத்தில் நெடுங்காலம் மின்விளக்கு இல்லை. கதவு எண் இல்லை. ஆகவே ஓவேலியில் முற்றிலும் வீடற்றவர் சிலர். இன்றைக்கு வீடிருந்தும் நாளைக்கு இல்லாது போகக்கூடியவர் மிகப் பலர். கடைத்திண்ணையில் படுத்திருப்பவர் வேறு இனத்தவர் அல்லர்; லயத்தில் இருப்பவர் நாளை அடையக்கூடிய நிலையில் இன்றே இருப்பவர்.

இத்தகைய முதியவர் ஒருவரை நாம் அறிவோம். தோட்டத்தில் தற்காலிகத் தொழிலாளியாக முப்பது ஆண்டு உழைத்தவர், மனைவியை இழந்தவர். இரவில் ஒரு கடைத்திண்ணை, மழை மிகுந்தால் பேருந்து நிழற்குடை என்று காலம் கழித்தவர். இருமலும் மாலைக் காய்ச்சலும் கண்டு ஒரு மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே எழுதுபவர் முகவரி கேட்டார், இல்லை என்றார். குடும்ப அட்டை கேட்டார், அதுவும் இல்லை. "வீட்டிலிருந்து யாரையாவது அழைத்து வா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர் திரும்பிச் செல்லவில்லை. பின்னர் நம் ஆசிரியர் ஒருவர் உடன் சென்று சளிப் பரிசோதனை செய்வித்து மருந்து தொடங்கச் செய்தார். இரண்டு மாதத்தில் இருமல் நின்றது, பசி எடுத்தது. நோய் தீர்ந்தது என்று எண்ணி, காப்பிப் பழம் பறிக்க வயநாட்டுக்குப் போய்விட்டார். கைப்பையில் மாத்திரை இல்லை; எங்கே போனார் என்று தேட முகவரியும் இல்லை. மறு ஆண்டு மழைக்காலத்தில் எலும்புக்கூடாகத் திரும்பினார். பதினைந்து நாளில் மறைந்தார். அவரைக் கொன்றது கிருமி என்று சான்றிதழ் சொல்லும். பாதியில் அறுந்த மருந்தே அவரைக் கொன்றது என்று நாம் சொல்வோம்.

மற்றொருவரையும் நாம் அறிவோம். அவரும் திண்ணைவாசியே. அவர் படுத்துறங்கிய திண்ணைக்கு எதிரில் தேநீர்க் கடை வைத்திருந்த ஓர் அம்மையார், அவருடைய மாத்திரை அட்டையைத் தம் கல்லாப் பெட்டியருகே வைத்துக்கொண்டார். "அண்ணே, மாத்திரையைப் போட்டால்தான் டீ" என்பது அவர் இட்ட சட்டம். ஆறு மாதத்தில் ஒரு நாளும் அச்சட்டம் மீறப்படவில்லை. 38 கிலோ இருந்தவர் 46 கிலோ ஆனார். இன்று ஒரு பாக்குத் தோட்டத்தில் காவலராயிருக்கிறார். இருவர்க்கும் நோய் ஒன்று, மருந்து ஒன்று, மருத்துவரும் ஒருவரே. வேறுபாடு யாது? கல்லாப் பெட்டியருகே ஒரு மாத்திரை அட்டை, அவ்வளவே.

இவ்வேறுபாட்டைத் திருவள்ளுவர் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்டிருக்கிறார். மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்கும் குறளில், மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என்கிறார்: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான். உழைச்செல்வான் என்றால் பக்கத்திலிருந்து மருந்தைக் கொடுத்துப் பேணுபவன். நான்காவது ஆளை மருத்துவத்தின் புறத்தே நிறுத்தாமல், மருத்துவனுக்கும் மருந்துக்கும் சமமாக உள்ளே வைத்த நுட்பத்தை எண்ணி எண்ணி வியக்கிறோம். சேத்துப்பட்டு மையமும் பின்னாளில் இதையே கண்டது. வாரம் இருமுறை பணியாளர் முன்னிலையில் மருந்து கொடுக்கும் முறையை அங்கே ஆராய்ந்து, அது நன்கு பயன் தருகிறது என்று 1964-இல் வெளியிட்டனர். நேரில் பார்த்து மருந்தளிக்கும் அம்முறை பின்னர் உலகத் திட்டமாயிற்று; 1997 முதல் நம் நாட்டுத் திட்டமும் ஆயிற்று. லண்டன் மாநகரில் 2005 முதல் ஊடுகதிர்க் கருவி பொருத்திய ஊர்தி ஒன்று வீடற்றோர் தங்குமிடங்களைத் தேடிச் சென்று வருகிறது. ஒருகாலத்தில் தாமும் வீடற்றிருந்தவர்களே அதில் துணைப் பணியாளராயிருந்து நோயாளிகளை நம்பிக்கையூட்டி அழைக்கின்றனர். செல்வம் கொழிக்கும் நகரிலும் உழைச்செல்வான் இன்றி மருந்து வேலை செய்வதில்லை என்பதற்கு இதுவே சான்று.

இனி, நம் மக்கள் உள்ளத்தில் தைக்க வேண்டிய ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தேநீர்க் கடைகளில் நம் பாட்டன்மார்க்குத் தனிக்குவளை வைத்த கொடுமையை நாம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. அக்குவளையை எதிர்த்துப் போராடிய வழியில் வந்த நாமே, நம் வீட்டில் ஒருவர்க்குக் காசநோய் என்றதும் தனிக்குவளை, தனித்தட்டு, வாசலில் பாய் என்று ஒதுக்கலாமா? காசநோய் குவளையால் பரவுவதன்று, தட்டால் பரவுவதன்று. இருமும்போதும் தும்மும்போதும் காற்றில் கலக்கும் நுண்துளிகளால் பரவுவது. சன்னல் இல்லாத லயத்து அறையில் எட்டுப் பேர் உறங்குவதால் பரவுவது. முறையாக மருந்து தொடங்கிய சில வாரங்களில், பெரும்பாலோரிடமிருந்து பிறர்க்குப் பரவும் ஆபத்தும் மிகக் குறைந்துவிடுகிறது. ஆகவே இருமும்போது வாயைத் துணியால் மூடச் சொல்லுங்கள், சன்னலைத் திறந்து வையுங்கள், குவளையைப் பிரிக்காதீர்கள். வீட்டிலிருந்து ஒதுக்கப்பட்டவனே திண்ணைக்கு வருகிறான் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நாம் கூறமாட்டோம். பரிசோதனை இலவசம், மருந்து இலவசம். புதிய கருவிகள் இரண்டு மணி நேரத்தில் கிருமியைக் காட்டுகின்றன; முக்கிய மருந்து ஒன்றுக்கு அது கட்டுப்படுமா என்பதையும் கூறிவிடுகின்றன. நோயாளியின் உணவுக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயும் வழங்க ஏற்பாடாயிற்று. தமிழகத்தில் 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தின்படி, நோய் கண்டவுடன் மூன்றைப் பார்க்கின்றனர்: உடல் மிக மெலிந்துள்ளதா, மூச்சு திணறுகிறதா, துணையின்றி எழுந்து நிற்க முடிகிறதா என்று. நிலை மோசமானவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கின்றனர். உணவின் ஆற்றலை ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளிவந்த ஆய்வும் நிலைநாட்டிற்று. நோயாளியின் குடும்பத்தார்க்கு மாதந்தோறும் உணவுப் பொருள் கொடுத்ததனால், அவர்களுக்குப் புதிதாக நோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது.

ஆனால் இவை அனைத்தும் ஒரு வாசலைத் தேடி வரும் நன்மைகள். உதவித்தொகை வங்கிக் கணக்கைத் தேடுகிறது. கணக்கு முகவரியைத் தேடுகிறது. உணவுப் பொருளோ சமைக்க ஓர் அடுப்பைத் தேடுகிறது. உச்சநீதிமன்றம் 2010-இல் நகரங்களில் லட்சம் பேருக்கு ஓர் இரவுத் தங்குமிடம் வேண்டும் என்று ஆணையிட்டது. மிக நல்ல ஆணை. ஆனால் அது பெருநகரைக் கருதி எழுந்த அளவு; சூண்டியிலும் ஆரோட்டுப்பாறையிலும் கடைத்திண்ணையில் நனைந்து படுத்திருப்பவனை அந்த அளவுகோல் எட்டவில்லை. அரசின் கை நீண்டு வந்து நின்றுவிடும் அந்த இடத்திலிருந்து நம் சங்கத்தின் கை தொடங்க வேண்டும் என்பதே நாம் இங்கு வைக்கும் விண்ணப்பம்.

செய்யத்தக்கவை நான்கு. முதலாவது, முகவரி. முகவரி இல்லாத நோயாளி எவராயினும், அவர் எச்சாதியினராயினும், நம் சங்கக் கட்டடத்தின் முகவரியைத் தம் தொடர்பு முகவரியாகக் கொடுக்கலாம் என்று சங்கம் தீர்மானம் நிறைவேற்றட்டும். அத்தீர்மானத்தின் படியைக் கூடலூர் அரசு மருத்துவமனைக்கும் நம் பேரூராட்சிக்கும் அனுப்புவோம். அஞ்சலட்டை வந்தாலும், மருத்துவப் பணியாளர் வந்தாலும், வந்து நிற்க ஒரு வாசல் இருக்கும்.

இரண்டாவது, உழைச்செல்வான். ஒரு நோயாளிக்கு ஒருவர் என்று பொறுப்பேற்போம். தேநீர்க் கடைக்காரர், தையற்காரர், கல்லூரி மாணவர் என யாராயினும் ஆகலாம். ஆறு மாதம் நாள்தோறும் ஐந்து நிமிடம், அதற்குமேல் ஒன்றும் வேண்டா. யானை நடமாடும் பாதையில் விடியுமுன்னும் இருட்டிய பின்னும் நடப்பது அரிது ஆதலால், பொறுப்பேற்பவர் நோயாளி படுத்திருக்கும் இடத்துக்கு அருகில் உள்ளவராயிருத்தல் நலம்.

மூன்றாவது, ஒரு வேளை உணவு. வெறுவயிற்றில் மாத்திரை குமட்டும், குமட்டினால் நிறுத்திவிடுவர். 2022 முதல் பொதுமக்களும் அமைப்புகளும் நிக்ஷய மித்திரர் என்று பெயர் பதிந்து நோயாளிக்கு உணவுதவி செய்ய வழியுண்டு. நம் சங்கம் பெயர் பதியட்டும். அரிசி மூட்டையாக அன்றி, சமைத்த உணவாக, அடுப்பில்லாதவர்க்கு அளிப்போம்.

நான்காவது, வழிப்பயணம். காப்பிக்கும் இஞ்சிக்கும் வயநாட்டுக்கோ குடகுக்கோ போகிறவரைத் தடுக்க இயலாது; வயிறு அழைக்கிறது. ஆனால் நோயாளியின் பதிவு எண் நாடெங்கும் செல்லும். மானந்தவாடியிலும் அவர் மருந்து பெறலாம். புறப்படுமுன் மருத்துவமனையில் சொல்லி, எண்ணை ஓர் அட்டையில் எழுதி, சட்டைப் பையில் வைத்து அனுப்புவோம். எழுதத் தெரிந்த பிள்ளைகளை இருபத்தைந்து ஆண்டுகளாக உருவாக்கி வந்த சங்கத்துக்கு இவ்வேலை பெரிதன்று.

கல்விச் சங்கத்துக்கு மருத்துவம் எதற்கு என்று இன்னும் ஐயுறுவோர்க்கு ஒன்று சொல்வோம். 1870களில் இந்நீலகிரி மலையில் வாழ்ந்து அத்வைதானந்த சபையை நிறுவிய பண்டிதர் அயோத்திதாசர், தமிழ் மருத்துவம் கற்றுத் தேர்ந்தவர். சபை கூட்டுவதும் நாடி பார்ப்பதும் அவருக்கு இரு வேறு தொழில்களாய் இருந்ததில்லை. அறியாமையும் நோயும் ஒரே குடிசையில் குடியிருப்பவை. ஒன்றை விரட்டி மற்றொன்றை விட்டுவைத்தால், விரட்டியது மறுநாளே திரும்பி வரும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலையில் காய்ச்சல், உடல் மெலிவு, சளியில் இரத்தம் ஆகிய இவற்றில் ஒன்றை யாரிடம் கண்டாலும், மாணவச் செல்வங்களே, எம்மிடமோ உங்கள் ஆசிரியரிடமோ வந்து சொல்லுங்கள். அவர் யார் வீட்டவர் என்று நாம் கேட்கமாட்டோம். எந்தத் திண்ணையில் இருக்கிறார் என்று மட்டுமே கேட்போம்.

நம் சங்கத்தின் பெயர்ப்பலகை இருபத்தைந்து ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு வழிகாட்டி நின்றது. இனி அப்பலகை, வாசல் இல்லாத நோயாளி ஒருவர் தம் பெயருக்குக் கீழே எழுதிக்கொள்ளும் முகவரியாகவும் விளங்கட்டும்.